குரலை எடுத்துவிட்ட பாட்டு

என்னிடம் முதுகலை படித்து, இப்போது துறைமுகத்தில் சரக்குக் கணக்கு பார்க்கும் மாணவன் ஒருவன், ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குப் பாடல் தொகுப்பு ஒன்றின் இணைப்பை அனுப்பியிருந்தான். "ஐயா, ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். செல்போனில் அப்படியே கேட்டால் பாதிப் பாட்டு காணாமல் போய்விடும்" என்று கூடவே ஒரு குறிப்பு. டான் லெட்ஸ் என்பவரின் 'அவுட்டா சிங்க்' என்ற தொகுப்பு அது. 2023இல் வந்தது. ஜமைக்காவிலிருந்து லண்டனுக்குக் குடியேறிய பெற்றோருக்கு 1956இல் பிறந்தவர், அறுபத்தேழு வயதில் வெளியிட்ட முதல் தனித் தொகுப்பு. ரெக்கே, டப், பங்க் மூன்றும் கலந்தது என்று எழுதியிருந்தான். எனக்கு மூன்றும் தெரியாது.

நான் தமிழ் இலக்கியம் படித்தவன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதைக் கற்பித்துப் பிழைப்பவன். இசை பற்றி எழுத எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. இதை எழுதுவதற்குக் காரணம் அந்தத் தொகுப்பு மட்டும் இல்லை என்பது போகப் போகப் புரியும்.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து கேட்டேன். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல் வரிசை கட்டி நின்றிருந்தன. கடல் பக்கமிருந்து ஈரக் காற்று. பாட்டின் அடியில் ஓடிய பேஸ் கித்தாரின் அதிர்வு, காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சுக்கூட்டில் விழுந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை வந்ததிலிருந்து புல்லட் வண்டியின் அந்த நெஞ்சடிச் சத்தத்தைத் தாலாட்டுபோல் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதன்மேல் லெட்ஸின் குரல் பாதி பேச்சாகவும் பாதி பாட்டாகவும் வந்தது. அவசரமே இல்லாத குரல். பங்க் எங்கே இருக்கிறது என்று தேடினேன். கித்தார் அலறலில் இல்லை. வயதான பிறகும் ஊரோடு ஒத்துப் போக மறுக்கும் அந்தத் தோரணையில் இருக்கிறது என்று பிற்பாடுதான் பட்டது. தொகுப்பின் தலைப்பே காலத்தோடு தாளம் பிசகியவன் என்று பொருள்படுவதுதான்.

அடுத்த சில வாரங்கள் அந்தத் தொகுப்பிலிருந்து பின்னோக்கிப் போய், மாணவன் சொல்லச் சொல்லப் பழைய ஜமைக்கா டப் பாடல்களைக் கேட்டேன். அப்படிக் கேட்ட ஓர் இரவில்தான் அது நடந்தது. பாடகர் ஒரு வரியைத் தொடங்கினார். பாதியில் குரல் அறுந்தது. கடைசி அசை மட்டும் எதிரொலித்து எதிரொலித்துத் தேய, கீழே தாளமும் பேஸும் ஒன்றும் நடக்காததுபோல் போய்க்கொண்டிருந்தன. கோளாறு என்று நினைத்து செல்போனைத் தட்டிப் பார்த்தேன். இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். வேண்டுமென்றே பாடகரை வெளியே எடுத்துவிட்டிருக்கிறார்கள். அந்த வெற்றிடத்தில் என் மாமாவின் நினைவு வந்தது. எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. காசிமேட்டுக்கு அருகே ஹவுசிங் போர்டில் இரண்டாம் மாடியில் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். இளமையில் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். சென்னையில் 1983இல் கன்டெய்னர் முனையம் வந்தது. அதன்பிறகு மெல்ல மெல்ல முதுகுக்கு வேலை குறைந்துபோய், கிடைத்த வேலையெல்லாம் செய்தவர். நிலக்கரி இறக்கிய நாட்களில் அவர் வீட்டுக்கு வந்தால் கண்ணின் வெள்ளை மட்டும்தான் தெரியும் என்று அம்மா சொல்வாள். ராயபுரத்தில் அப்போது கொடியில் காயும் வேட்டிகூடச் சாம்பல் நிறம்தான். 2011இல் நீதிமன்றம் தலையிட்டு அந்தத் துறைமுகத்தில் நிலக்கரியை நிறுத்திய பிறகுதான் வெள்ளை வேட்டி வெள்ளையாகக் காய்ந்தது.

ஆனால் எங்கள் பக்கத்தில் அவரை யாரும் துறைமுகத்துக்காரர் என்று அடையாளம் சொல்வதில்லை. பாட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். மரண கானா பாடுகிறவர். சாவு விழுந்த வீட்டில் இரவு பத்து மணிக்குமேல் பந்தலில் டியூப்லைட் எரிய, பிணத்துக்குச் சற்றுத் தள்ளி நான்கைந்து பேர் உட்கார்ந்து விடியும்வரை பாடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கட்ட மோளம், சட்டி, டோலக். ஒன்றுமில்லாவிட்டால் தகர டப்பா. இறந்தவர் எங்கே பிறந்தார், யாரைக் கட்டினார், எந்த கேங்கில் வேலை செய்தார், எத்தனை பிள்ளைகள், என்ன குறையோடு போனார் என்பதெல்லாம் பாட்டில் வரும். மாமாவிடம் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரின் பெயர் வரும் இடத்தில் அடியை நிறுத்திவிடுவார். ஒரு சுற்று முழுக்க மோளம் கிடையாது. தெரு முழுக்க அந்தப் பெயர் மட்டும் தனியாகக் கேட்கும். அதன்பிறகு மோளம் மறுபடி விழும்போது பெண்கள் ஓவென்று அழுவார்கள். சிறுவனாக இருந்தபோது அந்த நிறுத்தத்துக்காகவே தூங்காமல் விழித்திருப்பேன்.

பிறகு நான் படித்தவன் ஆனேன்.

1999இல் அப்பா இறந்தார். எண்ணூரில் ஒரு வார்ப்பட ஆலையில் இரவுப் பணி முடித்து வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் அப்போது முதுகலை மாணவன். என் பேராசிரியர்கள் இருவரும் வகுப்புத் தோழர்களும் இரங்கலுக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். மாலையில் மாமா தன் ஆட்களோடு மோளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் வாசலில் நிறுத்தினேன். "மாமா, இன்னைக்கு இது வேணாம். காலேஜ்லேர்ந்து பெரியவங்க வராங்க" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கூட வந்தவர்களைப் போகச் சொல்லிவிட்டு, எதிர்ப்புறம் பூட்டிய கடையின் படியில், மோளத்தைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். நான் டேப் ரெக்கார்டரில் பட்டினத்தார் பாடல் கேசட்டை ஓடவிட்டேன். பேராசிரியர்கள் வந்து, கைகட்டி நின்று, பத்து நிமிடத்தில் போய்விட்டார்கள். அவர்கள் காதில் எந்தப் பாட்டும் விழுந்திருக்கும் என்று இப்போது நம்பிக்கையில்லை.

பட்டினத்தார் அடங்கிய இடம் என்று காட்டப்படும் கோயில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கடற்கரையோரம் இருக்கிறது. பெற்ற தாயின் சிதை முன் நின்று பாடியவர் என்று சொல்லப்படுகிறவர். தெருவில் திரிந்தவர். அவர் அன்று எங்கள் வாசலுக்கு வந்திருந்தால் அவரையும் அந்தப் படிக்குத்தான் அனுப்பியிருப்பேன்.

இறப்புச் சான்றிதழுக்குப் போனபோது குமாஸ்தா அம்மாவிடம் கணவர் பெயரைக் கேட்டார். அம்மா என் முழங்கையைத் தொட்டாள். நான் சொன்னேன். ரேஷன் கடையிலும் வங்கியிலும் அப்படித்தான். அப்பாவின் பெயரை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. அவள் தலைமுறைப் பெண்கள் பலர் அப்படி. அதையும் நான் அப்போது மூடப் பழக்கம் என்று எங்கோ எழுதினேன்.

வேலை கிடைத்த பிறகு ஆண்டுதோறும் புறநானூறு எடுக்கிறேன். தொல்காப்பியம் காஞ்சித் திணையில் வைக்கும் கையறுநிலைத் துறையை மாணவர்களுக்கு உருக்கமாக விளக்குவேன். குடவாயிற் கீரத்தனார் ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது பாடிய பாட்டில் எனக்குத் தனி ஈடுபாடு. முல்லையைப் பார்த்து நீ ஏன் பூத்தாய் என்று கேட்கும் பாட்டு. இறந்தவனைப் பற்றி அதில் மிகக் குறைவாகத்தான் வருகிறது. பூவைச் சூடாத இளைஞர்கள், பறிக்காத பெண்கள், யாழ்க்கோட்டால் வளைத்துப் பறித்துச் சூடாத பாணன், அணியாத பாடினி என்று நிகழாத செயல்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போகிறார் புலவர். இல்லாமையை எண்ணிக் காட்டுவதுதான் பாட்டு. இதைப் பல ஆண்டுகள் கரும்பலகை முன் நின்று சொல்லியிருக்கிறேன். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் எங்காவது மரண கானா கேட்டால் பேருந்து சன்னலை இழுத்து மூடியிருக்கிறேன். இரண்டையும் ஒரு நாள்கூட நான் சேர்த்துப் பார்த்ததில்லை.

டப் என்றால் என்ன என்று தேடியபோது கிடைத்த கதையைச் சொல்ல வேண்டும். (டப்பாங்குத்துக்கும் தப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒலிநாடாவில் பிரதி எடுப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நம்முடைய டப்பிங்கும் அதுதான்.) ஜமைக்காவில் ஐம்பதுகளிலிருந்தே 'சவுண்ட் சிஸ்டம்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. அலமாரி உயர ஒலிபெருக்கிகளைத் தெருவில் அடுக்கி, இசைத்தட்டு போட்டு, மக்கள் கூடி ஆடுவார்கள். வானொலியில் இடமில்லாதவர்களின் வானொலி அது. அறுபதுகளின் இறுதியில் ரூடி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டம் உரிமையாளருக்கு ஒரு பாட்டைப் பிரதி எடுத்துக் கொடுத்தபோது, ஸ்டுடியோவில் இருந்தவர் மறதியாகக் குரல் பதிந்த தடத்தைச் சேர்க்காமல் விட்டுவிட்டார். ரெட்வுட் அதைத் தூக்கிப் போடவில்லை. அன்றிரவு கூட்டத்தில் முதலில் குரலோடு உள்ள தட்டைப் போட்டார், பின் குரல் இல்லாததைப் போட்டார். கூட்டம் மொத்தமும் பாடகர் விட்ட இடத்தைத் தானே பாடியது.

அந்தத் தவற்றை ஒரு கலையாக்கியவர் கிங் டப்பி. இயற்பெயர் ஆஸ்பர்ன் ரட்டக். கிங்ஸ்டன் நகரத்தின் வாட்டர்ஹவுஸ் என்ற ஏழைப் பகுதியில் ரேடியோவும் டிரான்ஸ்ஃபார்மரும் பழுது பார்த்தவர். பாடகரோ வாத்தியக்காரரோ இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் இன்னொரு ஸ்டுடியோ கழித்துவிட்ட பழைய நான்கு தட மிக்ஸர் ஒன்றை வாங்கி, தன் கையாலேயே மாற்றியமைத்து வீட்டில் வைத்துக்கொண்டார். குளியலறைதான் பாடகர்கள் நின்று பாடும் அறை. மற்றவர்கள் பதிந்து கொண்டுவரும் பாட்டை அந்த மிக்ஸரில் ஓடவிட்டு, குரலை இழுத்துவிடுவார், கித்தாரை மறைப்பார், ஒரு முரசடியை மட்டும் எதிரொலிக்குள் தள்ளுவார். பாட்டின் தசையை உரித்து எலும்பைக் காட்டுவதுபோன்ற வேலை. எடுத்த குரலை முழுக்க எடுத்துவிடவும் மாட்டார். ஒரு சொல், ஒரு மூச்சு எங்காவது எட்டிப் பார்க்கும். 1989 பிப்ரவரியில் தன் வீட்டு வாசலில் யாரோ சுட்டு அவர் இறந்தார். இன்று கணினியில் இசை செய்யும் பிள்ளைகள் பொத்தானைத் தட்டிச் செய்கிற பல காரியங்கள் அந்தப் பழுது பார்க்கும் மேசையில் தொடங்கியவை.

ஜமைக்கா நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. 1845 மே மாதத்தில் முதல் கப்பல் போய் இறங்கியதிலிருந்து 1917 வரை, 36,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போயிருக்கிறார்கள். பெரும்பாலோர் வட இந்தியர்கள். அவர்கள் கொண்டுபோன ஒரு செடியின் இந்தியப் பெயர் அங்கே அப்படியே நிலைத்துவிட்டது. ரெக்கே பாடகர்கள் உலகமெல்லாம் பரப்பிய அந்தப் பெயரை நம் காவல் நிலையங்களில் இன்றும் அதே உச்சரிப்பில் கேட்கலாம்.

டான் லெட்ஸின் தகப்பனாரும் லண்டனில் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திலிருந்து வந்தபின் சவுண்ட் சிஸ்டம் நடத்தியவர். மகன் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். அந்தக் கடையின் கணக்கர், நகரின் கோவென்ட் கார்டன் பகுதியில் ராக்ஸி என்ற அரங்கைத் திறந்து, பாட்டு போடும் வேலையை அவருக்குத் தந்தார். 1977இன் முதல் மாதங்கள் அவை. பங்க் அப்போதுதான் பிறந்திருந்தது. வேலையில்லாத வெள்ளைக்கார இளைஞர்கள் மூன்று சுருதி தெரிந்தால் போதும் என்று கித்தாரைத் தூக்கியிருந்தார்கள். பதிவாகியிருந்த பங்க் இசைத்தட்டுகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒரு குழு பாடி முடித்து அடுத்த குழு மேடையேறும்வரை போட வேறு வழியின்றி, லெட்ஸ் தன் வீட்டிலிருந்து ரெக்கேயும் டப்பும் கொண்டுபோய்ப் போட்டார். குத்தூசியைக் காதில் மாட்டிக்கொண்டு திரிந்த பிள்ளைகள் ஜமைக்கா முரசுக்குக் காது கொடுத்தது அப்படித்தான். அதே ஆண்டில் தி கிளாஷ் குழு ஜூனியர் மர்வினின் ரெக்கே பாட்டொன்றைத் தங்கள் முதல் தொகுப்பில் பாடியது. லெட்ஸ் பலமுறை சொல்லியிருக்கும் கதை ஒன்று உண்டு. பங்க் ஆட்களின் வார்பட்டை வைத்த கால்சட்டையோடு அவர் பாப் மார்லியைப் பார்க்கப் போக, மார்லி அதைக் கேலி செய்திருக்கிறார். இவர் விட்டுக்கொடுக்காமல் வாதாடிவிட்டு வந்தார். சில மாதங்களில் மார்லியே பங்க்கையும் ரெக்கேயையும் ஒரே விருந்துக்கு அழைக்கும் பாட்டை வெளியிட்டார்.

லெட்ஸின் வாழ்க்கை இதற்குப் பிறகும் நீளமானது. ராக்ஸியில் ஒரு சூப்பர் 8 காமிராவைத் தூக்கிப் படமெடுத்து ஆவணப்பட இயக்குநர் ஆனார். எண்பதுகளில், கிளாஷிலிருந்து வெளியேற்றப்பட்ட மிக் ஜோன்ஸோடு பிக் ஆடியோ டைனமைட் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. எங்கே அழுத்துவது என்று நினைவிருக்க, கீபோர்டின் கட்டைகளில் வண்ணக் காகிதம் ஒட்டிக்கொண்டு மேடையேறினார். எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போன இடம் இதுதான். ஆயுள் முழுக்கப் பிறருடைய பாட்டைச் சுமந்து ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்தில் வைத்தவர். ஆசிரியர் வேலையும் ஏறக்குறைய அதுதான். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் அடைபட்டபோதுதான் தனக்கென்று ஒரு பாட்டுக் கட்டத் தொடங்கினார்.

இந்த ஓசை இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. டெல்லி சுல்தனேட் என்ற பெயரில் பாடும் தரு டால்மியா, ஸ்கா வெஞ்சர்ஸ் குழுவில் இருப்பவர், பஞ்சாபின் தலித் பாடகர் பந்த் சிங்கோடு சேர்ந்து பாட்டுகள் பதிந்திருக்கிறார். மகளுக்கு நேர்ந்த கொடுமைக்கு நியாயம் கேட்டதற்காக 2006இல் தாக்கப்பட்டு இரு கைகளையும் ஒரு காலையும் இழந்த பந்த் சிங்கின் குரலுக்கு அடியில் அந்த ஜமைக்கா அதிர்வு ஓடுவதை நான் ஒரே ஒருமுறைதான் கேட்டேன். இரண்டாம் முறை கேட்கத் துணிவு வரவில்லை.

சென்னைக்குத் திரும்புகிறேன். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முறை மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசப் பண்டிதர் சாதியற்றவர்கள் என்று சொன்னதிலிருந்து எடுத்த பெயர். மாணவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். மின்கித்தாருக்கும் டிரம்ஸுக்கும் பக்கத்தில் சட்டியும் கட்ட மோளமும் பறையும். வாசித்தவர்கள் எல்லாருக்கும் கோட்டு சூட்டு. எங்கள் பக்கத்துப் பெண் இசைவாணி கானா பாடினார். 2020இல் பிபிசி உலகின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தபோது, எங்கள் தெருவில் ஒரு வாரம் அதே பேச்சு. அன்று அந்த மைதானத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் நடுவே நின்று நானும் கைதட்டினேன். நான் வாசலில் நிறுத்திய அதே மோளத்துக்குத்தான் கைதட்டினேன். மறுநாள் மாமாவுக்கு அதன் வீடியோவைக் காட்டியபோது, "கோட்டு போட்டுகினு வாசிச்சா கை வேர்க்காதா?" என்று மட்டும் கேட்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

டப் கேட்டு எழுந்து நடந்த அந்த இரவுக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போனேன். அவர் இப்போது பாடுவதில்லை. மூச்சு வாங்குகிறது. இத்தனை ஆண்டுகள் பாடியதில் ஒரு பாட்டைக்கூட யாரும் பதிந்து வைக்கவில்லை. எழுதி வைக்கும் வழக்கமும் அவருக்கு இல்லை. செல்போனை எடுத்து முன்னால் வைத்து, "மாமா, ரெண்டு பாட்டு பாடுங்க. பதிஞ்சி வெச்சிக்கிறேன்" என்றேன். துறைச் சார்பில் ஆவணப்படுத்துகிறோம் என்று வேறு ஏதோ உளறினேன்.

அவர் சிரித்தார். "சாவு வூட்ல பாட வந்தப்போ வேணான்ன. இப்போ உசுரோட இருக்கற வூட்ல பாடச் சொல்ற. இன்னாடா படிப்பு உன் படிப்பு?"

இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் அதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் தலை குனிந்துகொண்டேன். அத்தை உள்ளேயிருந்து, "அந்தப் பாட்டெல்லாம் வூட்ல பாடக் கூடாது தம்பி, ஆகாது" என்று சமாதானமாகச் சொன்னார். தெரிந்ததுதான். சாவில்லாத வீட்டில் சாவுப் பாட்டு பாடுவது சாவை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுபோல. அதை மூட நம்பிக்கை என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை.

பேச்சை மாற்ற எண்ணி, ஹெட்போனை அவர் காதில் மாட்டி, டப்பியின் ஒரு பதிவைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். குரல் அறுந்த இடத்தில் கண்ணைத் திறந்தார். "பாடறவன் எங்கடா பூட்டான்?" என்றார். எடுத்துவிட்டார்கள் மாமா என்றேன். "ஏன், செத்துட்டானா?" இல்லை, வேண்டுமென்றேதான் எடுத்தார்கள், கேட்கிறவர்கள் பாடிக்கொள்ளட்டும் என்று. அவர் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு அத்தையிடம் அரிசி டின்னை எடுத்துவரச் சொன்னார். காலியான டின்தான் வேண்டும் என்றார். அத்தை அரிசியை ஒரு பேசினில் கொட்டிவிட்டு டின்னைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அதைக் கவிழ்த்து மடியில் சாய்த்துக்கொண்டு அடிக்கத் தொடங்கினார். மெதுவான நடை. பாடவில்லை. ஆனால் பாட்டு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பது கையில் தெரிந்தது. ஓர் அடி முடிந்து அடுத்த அடி தொடங்கும் இடத்தில் விரலால் டின்னின் விளிம்பைச் சுண்டினார். உதடு அசைந்துகொண்டிருந்தது, சத்தம் வரவில்லை. நான் செல்போனில் பதிவு பொத்தானை அழுத்தியதை அவர் பார்த்தார், தடுக்கவில்லை. இடையில் ஓரிடத்தில் கை நின்றது. ஒரு சுற்று முழுக்க ஒன்றுமில்லை. கீழே தெருவில் லாரி ஒன்று பின்னால் நகர்ந்த சத்தம் மட்டும். பிறகு அடி மறுபடி விழுந்தது. ஏழு நிமிடம் போல் அடித்துவிட்டு, டின்னைக் கீழே வைத்து மூச்சு வாங்கினார்.

"இது யாருக்குப் பாடுனது மாமா?" என்று கேட்டேன்.

"எங்க பாடுனேன்? கட்டுனதோட சரி. உங்கப்பாவுக்கு" என்றார். அத்தையிடம் டீ போடச் சொன்னார்.

சொற்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். பாட்டு முழுதாக அவருக்குள் இருக்கிறது. ரெட்வுட்டின் கூட்டத்துக்காவது முதலில் ஒருமுறை குரலோடு பாட்டைப் போட்டுக் காட்டினார்கள்.

அன்று இரவு வீட்டில் அந்தப் பதிவை ஹெட்போன் இல்லாமல் போட்டேன். அம்மா கூடத்தில் மறுநாளைக்கு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். யார் அடிப்பது என்று கேட்கவில்லை. தம்பியின் கை அவளுக்குத் தெரியாதா? யாருக்கு என்று நானும் சொல்லவில்லை. கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கை நிற்கும் இடம் வந்தது. டின் ஓய்ந்து லாரிச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா ஆய்வதை நிறுத்தினாள்.

"இந்த எடத்துல பேரு வரும்" என்றாள்.

அடி மறுபடி விழுந்து, பதிவு முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும், முறத்தில் இருந்த கீரையை ஒதுக்கிவிட்டு, இன்னொரு தரம் போடச் சொன்னாள்.